பேண்ட் நெரிசலில் ரிக் தடுமாறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

அக்டோபரின் கடைசி முழு வார இறுதி வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. சிங்கப்பூர் நேரம் சனிக்கிழமை காலை 8 மணிக்கு, அதாவது உலகப் பொது நேரம் (யு.டி.சி.) 0000க்கு, அமெச்சூர் வானொலிக்காரர்கள் (ஹாம்கள்) உலகெங்கும் உள்ள நிலையங்களோடு தொடர்பு கொண்டு புள்ளி சேர்க்கும் சி.க்யூ. உலகப் போட்டியின் குரல் சுற்று தொடங்கும். திங்கள் காலை 7.59 வரை நிற்காது. நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் அதே போட்டியின் மோர்ஸ் சுற்று. "அண்ணே, ரிக்குக்கு என்னமோ ஆயிடுச்சு, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று தம்பிமார்கள் அனுப்பும் குரல் செய்திகள் இந்த நேரத்தில்தான் வந்து குவியும்.

ரிக்குக்கு, அதாவது பேசவும் கேட்கவும் பயன்படும் ரேடியோ பெட்டிக்கு, பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சாதாரண நாளில் 20 மீட்டர் பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) பலமான நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போட்டி நாளில் அதே இடத்தில் நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள். அமைதியான நாளில் ஒளிந்திருந்த குறைகள் அன்றைக்கு வெளியே வருகின்றன, கருவியின் குறைகளும் பழக்கத்தின் குறைகளும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒரு வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் நம் ரிசீவர், அடுத்து நம் டிரான்ஸ்மிட்டர், அதற்குப் பிறகுதான் மற்றவர். பேண்டில் நான் காது கொடுத்துக் கேட்ட சண்டைகளில் பல, இந்த வரிசை தலைகீழானதால் வந்தவை.

"பக்கத்து நிலையம் 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத் தெறிக்கிறது"

அதிகம் வரும் புகார் இதுதான். நானும் இதே புகாரோடுதான் தொடங்கினேன். என் இரண்டாவது போட்டியில், 15 மீட்டரில் ஒரு ஜப்பானிய நிலையம் பேண்டின் பாதியை விழுங்குவதாக நினைத்து, அவருடைய அலைவரிசைக்கே போய் "உங்கள் சிக்னல் அகலமாக இருக்கிறது" என்று சொன்னேன். அவர் பணிவாக நன்றி சொல்லி, உடனே மைக் கெயினைக் குறைத்தார். எனக்கு எதுவும் மாறவில்லை. அன்று இரவுதான் கவனித்தேன், என் ரிக்கில் உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் பிரீ-ஆம்ப் 2 போட்டபடி இருந்தது. அதை அணைத்ததும் அவர் ஊசி போலச் சுத்தமாக நின்றார். தவறு செய்யாத ஒருவர் என் பேச்சை நம்பித் தன் நிலையத்தைக் கெடுத்துக்கொண்டாரே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

எனவே இந்த அறிகுறி தெரிந்தால் முதலில் தொட வேண்டிய பொத்தான், உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர். 10 டெசிபெல் போட்டுப் பாருங்கள். உண்மையாகவே வானில் இருக்கும் சிக்னல் எதுவானாலும் 10 டெசிபெல்தான் குறையும். இரண்டு பலமான சிக்னல்கள் கலந்து ரிசீவரின் உள்ளே பிறக்கும் போலிச் சிக்னலான மூன்றாம் படி இன்டர்மாட் அப்படி இல்லை: உள்ளே வருவது 10 குறைந்தால் அது 30 டெசிபெல் விழும். அதாவது அட்டெனுவேட்டரைப் போட்டதும் "தெறிப்பு" மற்ற சிக்னல்களைவிட வேகமாகக் காணாமல் போனால் அது உங்கள் பெட்டிக்குள் உற்பத்தியானது. எல்லாம் சமமாக இறங்கினால் அவர் உண்மையிலேயே அகலமாக இருக்கக்கூடும். ரெசிப்ரோகல் மிக்சிங் என்று ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்டர்மாட் எங்கே முளைக்கும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14.200 மெகாஹெர்ட்ஸிலும் 14.210இலும் இரண்டு பலமான நிலையங்கள் இருந்தால், அவற்றின் பேய் 14.190இலும் 14.220இலும் தோன்றும். இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது மட்டும் குதறிய குரல் கேட்டு, ஒருவர் நிறுத்தியதும் மறைந்தால் அது பேய்தான். அந்த அலைவரிசையில் "யாரோ இருக்கிறார்கள்" என்று ஒதுங்கிப் போவதும் வீண், "யாரப்பா அது" என்று அதட்டுவதும் வீண்.

பிரீ-ஆம்ப் தேவையா என்பதற்கு எளிய சோதனை ஒன்று. பேண்டில் ஆளில்லாத இடத்தில் நின்று ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள், பிறகு மாட்டுங்கள். மாட்டியதும் இரைச்சல் 8 அல்லது 10 டெசிபெல் உயர்ந்தால், ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட வானத்தின் இரைச்சல் பெரியது. அதற்கு மேல் பெருக்குவது இரைச்சலைப் பெருக்குவதுதான். வீவக அடுக்குமாடி வீடுகளில் 40 மீட்டரிலும் 20 மீட்டரிலும் எனக்குத் தெரிந்து யாருக்கும் பிரீ-ஆம்ப் தேவைப்பட்டதில்லை. 40 மீட்டரில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைப் போட்டுவிட்டு ஆர்.எஃப். கெயினையும் (ரிசீவரின் பெருக்கத்தையும்) கொஞ்சம் இறக்குவதுதான் என் வழக்கம். மாலை ஆனதும் 7.200 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஆசியாவின் சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் முழு பலத்துடன் எழும்பும். ஹாம்கள் 7.200க்குக் கீழே இருந்தாலும், ரிசீவரின் முகப்பு வடிகட்டி அகலமானது. அந்த ஒலிபரப்பையும் சேர்த்தே விழுங்கும்.

நேரடியாக எண்மமாக்கும் ரிக்குகளில், உதாரணத்துக்கு 2016இல் வந்து நம்மில் பலர் மேசையில் இருக்கும் ஐகாம் 7300இல், எல்லை தாண்டியதும் திரையில் ஓ.வி.எஃப். என்று எழுத்து மின்னும். அது எப்போதாவது எட்டிப் பார்த்தால் கவலை இல்லை. விடாமல் எரிந்தால் ஆர்.எஃப். கெயினைக் குறையுங்கள். ஐ.பி. பிளஸ் பொத்தான் இன்டர்மாட்டைக் கொஞ்சம் அடக்கும், பதிலுக்கு உணர்திறன் சற்றே குறையும். போட்டியில் அந்தப் பேரம் நமக்கு லாபம்.

பழைய ரிக்குகளின் கதை வேறு. முதல் இடைநிலை அலைவரிசையை 70 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்த வடிவமைப்புகளில் வாசலில் நிற்கும் முதல் வடிகட்டியான ரூஃபிங் ஃபில்டரே ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸ் அகலம். 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் பூதம் அந்த வாசலில் தடையில்லாமல் நுழைந்துவிடும். பின்னால் எவ்வளவு குறுகிய டி.எஸ்.பி. (எண்மமுறை) ஃபில்டர் போட்டாலும் கெட்டது முன்னாலேயே கெட்டுவிட்டது. ராப் ஷெர்வுட் வெளியிடும் ரிசீவர் அளவீட்டுப் பட்டியல், 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு ரிசீவர் எவ்வளவு தாங்கும் என்பதை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். புது ரிக் வாங்கப் போகும் தம்பிகள் உணர்திறன் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த 2 கிலோஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். பழைய ரிக்கை வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். அட்டெனுவேட்டரும் பொறுமையும் இருந்தால் அதிலும் நன்றாகப் போட்டியிடலாம்.

"நான் கேட்கும் குரல் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்குகிறது"

முதல் சந்தேகம் நாய்ஸ் பிளாங்கர் மேல். அது கூர்மையான துடிப்பைக் கண்டால் ரிசீவரை நொடியின் சிறு பகுதிக்கு ஊமையாக்கும் சுற்று. நெரிசலில் பக்கத்து நிலையத்தின் குரல் உச்சங்களையே துடிப்பு என்று நினைத்து வெட்டிக்கொண்டிருக்கும். அணைத்துவிடுங்கள். பாதிப் புகார்கள் இதோடு முடியும்.

தீரவில்லை என்றால் ஏ.ஜி.சி., அதாவது பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சுற்று. நீங்கள் கேட்கும் மெல்லிய குரலுக்குப் பக்கத்தில் பலமான ஒருவர் இருந்தால், ஏ.ஜி.சி. அவருக்காகப் பெருக்கத்தைக் குறைக்கும், உங்கள் ஆளும் சேர்ந்து அமுங்குவார். ஃபில்டரை 2.4இலிருந்து 1.8 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்குங்கள், ஏ.ஜி.சி.யை வேகமாக்குங்கள், ஆர்.எஃப். கெயினை இறக்கி ஒலியளவை ஏற்றுங்கள். மோர்ஸில் 250 ஹெர்ட்ஸ் வரை போகலாம். ஆனால் சி.க்யூ. (யாராவது பதில் தாருங்கள்) என்று அழைத்துக்கொண்டிருக்கும்போது அவ்வளவு குறுக்காதீர்கள், சற்று விலகி அழைப்பவர் உங்கள் காதிலேயே விழமாட்டார்.

"பலமான நிலையத்துக்கு அருகில் போனாலே 'ஸ்ஸ்' என்று சீறுகிறது"

முன்பு சொன்ன விதிவிலக்கான ரெசிப்ரோகல் மிக்சிங் இது. ரிசீவரின் உள் அலையியற்றி முழுச் சுத்தமாக இல்லாவிட்டால், அதன் இரைச்சல் பக்கத்து நிலையத்தோடு கலந்து சீறலாக மாறும். அட்டெனுவேட்டர் இரண்டையும் சமமாகவே குறைப்பதால் உதவாது. அவரைக் குறை சொல்லலாமா என்று தெரிய, வேறு வடிவமைப்பைக் கொண்ட நண்பரின் ரிசீவரில் அதே சிக்னலைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே சீறல் இல்லை என்றால் அது உங்களுடையது.

சிங்கப்பூரில் இது கூடுதலாகத் தொல்லை தரும். தீவு கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான். பிடோக்கில் இருப்பவருக்கும் ஜூரோங்கில் இருப்பவருக்கும் நடுவே அயன மண்டலத்துக்கு வேலையே இல்லை, தரையோடு நேராக வந்து மோதும். உலகிலேயே நமக்கு மிகப் பெரிய குறுக்கீடு நம் நண்பர்தான். போட்டிக்கு முந்தைய நாளே பேசி, யார் எந்த நேரம் எந்த பேண்ட் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஜன்னலோரம் மேக்னடிக் லூப் (வளைய ஆன்டெனா) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: லூப்பின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் அது காது கேளாதது. மெல்லத் திருப்பி நண்பரின் சிக்னலை அந்தப் பள்ளத்தில் விழ வையுங்கள். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் இரண்டு மூன்று புள்ளி இறங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு எஸ் புள்ளி என்பது 6 டெசிபெல், அது சின்ன விஷயமல்ல.

"எஸ் மீட்டர் எஸ்7க்குக் கீழே இறங்க மறுக்கிறது"

இது பேண்டின் நெரிசல் அல்ல, வீட்டின் இரைச்சல். ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், சோறு கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வேண்டாம். இரைச்சல் விழுந்தால் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். கைப்பேசி சார்ஜர், மலிவான எல்.இ.டி. விளக்கின் டிரைவர், இணைய ரவுட்டரின் அடாப்டர் ஆகிய மூன்றும் வழக்கமான ஆட்கள்.

அக்டோபர் போட்டி தீபாவளிக்கு ஒட்டியே வருவதால் நமக்கென்று ஒரு தனித் தலைவலியும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் 20 மீட்டர் முழுதும் திடீரென்று ரம்பம் அறுப்பது போல ஓர் ஓசை. தேடிப் பார்த்தால் எங்கள் வீட்டு வாசலிலேயே தொங்கிய அலங்கார விளக்குச் சரம். அதன் அடாப்டர் கம்பியை ஃபெரைட் வளையத்தில் எட்டுச் சுற்று சுற்றியதும் எஸ்7 எஸ்4 ஆனது. சிம் லிம் டவரில் ஃபெரைட் தேடும்போது நம் அலைவரிசைகளுக்கு ஏற்ற 31ஆம் வகைக் கலவையா என்று கேட்டு வாங்குங்கள். காரிடாரில் அடுத்த வீட்டு விளக்கு என்றால், ஒரு தட்டு முறுக்கு எடுத்துக்கொண்டு போய், பண்டிகை வாழ்த்து சொல்லிவிட்டு, உங்கள் செலவில் ஒரு வளையம் போட்டுத் தரக் கேளுங்கள். எங்கள் தளத்தில் இருக்கும் சீனப் பாட்டி அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் விளக்கை ஏற்றும் முன் என்னிடம் காட்டுகிறார்.

"நீங்கள் அகலமாக இருக்கிறீர்கள் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்"

ஒருவர் சொன்னால் அவருடைய ரிசீவராக இருக்கலாம். மூன்று பேர் சொன்னால் நாம்தான். வாதாடாதீர்கள். நன்றி சொல்லிவிட்டு அழைப்பதை நிறுத்தி, இதைப் பாருங்கள்.

போட்டி வேகத்தில் குரல் தானாக உயரும். சனிக்கிழமை காலை சரியாக வைத்த மைக் கெயின், இரவு பத்து மணிக்குக் கத்தும் தொண்டைக்கு அதிகம். அனுப்பும் பலம் எல்லை மீறாமல் பார்க்கும் ஏ.எல்.சி.யின் முள் உச்சத்தில்கூடத் தன் எல்லைக்குள் இருக்கிறதா? குரலின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரெஸ்ஸர் 10 டெசிபெல்லைத் தாண்டுகிறதா? கடைசிச் சொட்டு வாட்டையும் பிழியும்போது கூடுவது பலம் அல்ல, அகலம். 100 வாட்டை 80 ஆக்கினால் எதிர்முனையில் குறைவது ஒரே ஒரு டெசிபெல், யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கோ பெரிய நிம்மதி.

அடுத்து மின்சாரக் கம்பி. 100 வாட் ரிக் பேசும் உச்சத்தில் 20 ஆம்பியர் இழுக்கும். கம்பியிலும் ஃபியூஸ் பிடியிலும் சேர்த்து 0.05 ஓம் இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போகும். 13.8 வோல்ட்டை நம்பி வடிவமைத்த டிரான்சிஸ்டர்கள் 12.5இல் மூச்சுத்திணறி உருக்குலைந்த சிக்னலைத் தரும். மீட்டரை மின்வழங்கியில் வைக்காமல் ரிக்கின் பின்பக்க முனையில் வைத்து, பேசும்போது அளந்து பாருங்கள்.

மோர்ஸில் புகார் "கிளிக்" என்று வரும். ரிக்கின் மெனுவில் அலை எழும் நேரம் 1 அல்லது 2 மில்லிநொடியாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் சுத்தியல் அடி போலப் பக்கவாட்டில் பரவும். 6க்கோ 8க்கோ மாற்றுங்கள். போட்டி வேகத்திலும் எழுத்துகள் தெளிவாகவே இருக்கும்.

உங்கள் சிக்னலை நீங்களே கேட்க, போட்டிக்கு முந்தைய வாரம் இணையத்தில் இயங்கும் வெளிநாட்டு ரிசீவர் ஒன்றைத் திறந்து பதிவு செய்யுங்கள். போட்டி நடக்கும்போது அந்த ரிசீவரை வைத்துத் தொடர்பு கொள்வது விதிமீறல். சோதனையை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

"பேசும்போது கணினி உறைந்துவிடுகிறது"

ஆன்டெனாவின் கேபிள் வெளிப்புறத்தில் ரேடியோ அலை வீட்டுக்குள் திரும்பி வருகிறது. எதிர்க்கம்பி இல்லாமல் ஒரு முனையில் மட்டும் கேபிளை இணைக்கும் ஆன்டெனாக் கம்பிகளில் இது சகஜம். ஆன்டெனா அருகே ஒன்றும் ரிக் அருகே ஒன்றுமாகப் பெரிய ஃபெரைட்டில் கேபிளைச் சுற்றி, அந்த அலையைத் தடுக்கும் சோக் போடுங்கள், யு.எஸ்.பி. கம்பிக்கும் ஒன்று. கணினியே உறைகிறது என்றால் அடுத்த வீட்டு ஒலிபெருக்கியிலும் உங்கள் குரல் கேட்க வாய்ப்புண்டு, அவர்கள் புகார் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம்.

"அழைத்துக்கொண்டே இருக்கிறேன், யாரும் பதில் தருவதில்லை"

ரிக்கை விட்டுவிட்டுக் காதைச் சோதியுங்கள். அந்த அலைவரிசையில் ஏற்கெனவே ஒருவர் இருந்து, அவருடைய குரல் நமக்குத் தாவிப்போகும் தூரத்தில் இருக்கலாம். நமக்கு அவர் கேட்கமாட்டார், அவரைக் கேட்பவர்களுக்கு நாம் இருவரும் கேட்போம். அதனால்தான் "இந்த அலைவரிசை பயன்பாட்டில் இருக்கிறதா" என்று ஒருமுறை கேட்டு, சில நொடி பொறுத்து, மறுமுறையும் கேட்க வேண்டும். மோர்ஸில் க்யூ.ஆர்.எல். என்று கேட்பது அதற்குத்தான். ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அழைக்கத் தொடங்குவது கேட்டதாகாது.

உட்காரக் கூடாத இடங்களும் உண்டு. 14.100, 21.150, 28.200 ஆகியவை உலகப் பீக்கன்களின் (தானாக அடையாளச் சிக்னல் அனுப்பும் நிலையங்களின்) இடம். 18 பீக்கன்கள் ஆளுக்குப் பத்து நொடி என்று மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். எந்தத் திசை திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அந்தப் பீக்கன்கள் மேலேயே போய் அமர்வது நமக்கே நட்டம். 14.300 நெருக்கடிக் காலத் தொடர்புக்கான மையம். இரவு 8 மணிக்கு 14.320இல் தென்கிழக்காசிய வலையின் அன்றாடக் கூட்டம், நம் வட்டாரத்தவர்கள் பல பத்தாண்டுகளாகச் சந்திக்கும் இடம். மோர்ஸ் போட்டியில் 7.074, 14.074 பக்கம் ஏறாதீர்கள், அங்கே கணினி வழி எண்மமுறையான எஃப்.டி.8காரர்கள் இருக்கிறார்கள். போட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு 30, 17, 12 மீட்டர்கள் இருக்கின்றன. அங்கே போட்டி நடப்பதில்லை.

இன்னொன்று. பெரிய புள்ளிக்காகத் தூரத்தையே பார்த்து, அருகிலிருந்து அழைப்பவரை விட்டுவிடாதீர்கள். கண்ணெதிரே தெரியும் பாத்தாம் தீவுக்காரர் சி.க்யூ. உலகப் போட்டியில் நமக்கு 3 புள்ளி, ஏனெனில் இந்தோனேசியா ஓசியானியாக் கண்டக் கணக்கில் வருகிறது. ஜொகூர்காரர் ஆசியா என்பதால் 1. இன்னொரு சிங்கப்பூர்க்காரருக்குப் புள்ளியே இல்லை, ஆனால் நாடும் போட்டிக்கான மண்டலமும் மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணிக்கையில் சேரும். முதல் போட்டியில் தயங்கித் தயங்கி அழைக்கும் நம்மூர்ப் பிள்ளைக்கு "59, 28" என்று சிக்னல் மதிப்பையும் நம் மண்டல எண்ணையும் தெளிவாகச் சொல்ல எனக்கு எட்டு நொடி ஆகும். அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டும் வரும்.

"பைல்-அப்பில் (ஒரே நிலையத்தைப் பலர் அழைக்கும் நெரிசலில்) என் அழைப்பு எடுபடவே இல்லை"

யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும் இணையப் பட்டியலான கிளஸ்டரில் சொடுக்கினால் எல்லோரும் மிகச் சரியாக ஒரே ஹெர்ட்ஸில் போய் விழுகிறார்கள். மோர்ஸில் என்றால் எதிர்முனையில் அது ஒரே நீண்ட தொனி. அனுப்பும் அலைவரிசையை மட்டும் மாற்றும் எக்ஸ்.ஐ.டி.யை 100 அல்லது 150 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் நூறு பேர் நடுவில் உங்கள் சிக்னல் தனியாகத் தெரியும். கால் சைனை (அழைப்புக்குறியை) ஒருமுறை, முழுதாகச் சொல்லி நிறுத்துங்கள். அவர் "…கிலோ சார்லி மட்டும்" என்று கேட்டால், அந்த எழுத்துகள் உங்கள் கால் சைனில் இல்லாவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். ஒருவர் பொறுமை இழந்து மேலே பேசினால் அந்தத் தொடர்பு மூன்று மடங்கு நேரம் எடுக்கும், எல்லோருடைய முறையும் தள்ளிப்போகும். ஜப்பானியர்கள் இதைக் கடைப்பிடிக்கும் விதத்தைக் கேட்பதே எனக்கு மகிழ்ச்சி.

தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு சொல்: நம் நாவில் வி (V), டபிள்யூ (W) இரண்டும், பி (B), பி (P) இரண்டும் எளிதில் ஒன்றாகிவிடும். "விக்டர்", "விஸ்கி", "பிராவோ", "பாப்பா" என்று நிலையான ஒலிப்பெயர்களையே, அழுத்தம் திருத்தமாகச் சொல்லுங்கள். நம் அழைப்புக்குறியே 9வி1 என்று தொடங்குவதால் "விக்டர்" தவறினால் எல்லாம் தவறும்.

"இது என் அலைவரிசை, நகருங்கள் என்கிறார்"

எந்த அலைவரிசைக்கும் பட்டா கிடையாது, ஆனால் முன்னால் வந்தவருக்கு மரியாதை உண்டு. பரவல் மாறுவதால் இருவரும் உண்மையாகவே முன்னால் வந்தவராக இருக்கலாம்: காலையில் ஒருவரையொருவர் கேட்காதவர்கள் மாலையில் நேருக்கு நேர் மோதுவார்கள். நான் அரை நிமிடத்துக்கு மேல் வாதாடுவதில்லை. 2 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடுவேன். அந்த நேரத்தில் நாலு தொடர்பு எடுத்துவிடலாம்.

"பேசிய தொடர்பு லாக்கில் (தொடர்புப் பதிவேட்டில்) இல்லை என்று கழித்துவிட்டார்கள்"

சந்தேகமான எழுத்தை ஊகித்து எழுதியதன் விளைவு பெரும்பாலும். ஊகத்தில் தவறான கால் சைன் பதிவானால் அந்தத் தொடர்பின் புள்ளியோடு அபராதமும் போகும். இன்னொரு முறை கேளுங்கள். அதேபோல், ஏற்கெனவே பேசிய ஒருவர் மீண்டும் அழைத்தால் "முன்பே பேசிவிட்டோம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். முதல்முறை அவர் நம் கால் சைனைத் தவறாக எழுதியிருக்கலாம். இரட்டைப் பதிவுக்கு அபராதம் இல்லை, பேசிவிட்டுப் போவது இருவருக்கும் வேகம். போட்டி முடிந்த 5 நாட்களுக்குள் லாக்கை அனுப்பிவிடுங்கள், பத்தே தொடர்பு இருந்தாலும்.

"பிற்பகலில் படபடவென்று வெடிக்கிறது"

இதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. அக்டோபரும் நவம்பரும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம், பிற்பகல் இடிமழை நமக்கு அன்றாடம். வெடிப்புகள் நெருங்கி, 40 மீட்டரில் எஸ்9ஐத் தாண்டினால் எத்தனை புள்ளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் கோஆக்சியலை ரிக்கிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு அருகே தள்ளி வைத்துவிட்டு, கோப்பி குடிக்கப் போங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் மழை ஓய்ந்துவிடும். 7 மணிக்குச் சூரியன் இறங்கும்போது 40 மீட்டர் திறக்கும்.